வெள்ளம் வடிந்த பின் மூளையில் நிகழ்வது

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் தேதி, வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் விளைவாகச் சித்தூர் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. திருப்பதி நகரின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது. சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டு ஓடியது. திருமலைக்குச் செல்லும் நடைபாதைகள் மூடப்பட்டன. அவற்றுள் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை பெருஞ் சேதத்துக்கு உள்ளாயிற்று. மறுநாள் அதிகாலையில் அத்தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அன்றே அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தில், செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து, ராஜம்பேட்டைப் பகுதியின் கரையோரக் கிராமங்களில் பலரின் உயிரைக் கவர்ந்தது.

பின்னர் மழை தணிந்தது. அபாயம் நீங்கிவிட்டதென்று மக்கள் எண்ணத் தலைப்பட்ட வேளையில், நவம்பர் 21ஆம் தேதி வேறொரு செய்தி பரவிற்று. திருப்பதிக்கு அண்மையில் ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள ராயல செருவு என்னும் பேரேரியின் கரையில் நீர்க் கசிவு காணப்பட்டது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுந்ததாகக் கூறப்படும் ஏரி அது. ஏரிக்குக் கீழே இருந்த கிராமங்களின் மக்கள் மேட்டு நிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். கசிந்த இடங்கள் அடைக்கப்பட்டன. கரை உடையவில்லை.

பெருமழை பெய்த நாள் ஒன்று. கரை கசிந்த நாள் மற்றொன்று. ஏரியைக் காப்போர் இதில் வியப்படைய மாட்டார்கள். மழை நின்ற பின்னும் நீரின் அழுத்தம் கரையின் உள்ளே மண்ணை மெல்ல மெல்ல இளக்கிக்கொண்டிருக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவேதான் மழை ஓய்ந்த பிறகும் சில நாட்கள் கரையைச் சுற்றி வந்து பார்ப்பது வழக்கமாக இருந்து வருகிறது.

மனித மூளையிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. உயிருக்கு ஆபத்தான ஒரு சம்பவத்தில் அகப்பட்டு மீண்டவருள் சிலருக்கு, சம்பவம் நடந்த அன்றோ மறுநாளோ அன்றி, வாரங்கள் கழித்தே நோய் தலைகாட்டுகிறது. இடைப்பட்ட நாட்களில் மூளையின் உள்ளே என்ன நடைபெறுகிறது என்பதனைச் சென்ற இருபத்தைந்து ஆண்டுகளில் விஞ்ஞானிகள் ஓரளவு கண்டறிந்துள்ளனர். அக்கண்டுபிடிப்புகளுள் முக்கியமான சில, சித்தூருக்குப் பக்கத்து நகரமான பெங்களூரிலேயே நிகழ்ந்தவை. கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இவற்றை அறிந்திருப்பது மிகவும் பயனுடையதாகும். ஏனெனில், நிவாரண வண்டிகள் திரும்பிச் சென்ற பின்னரும் அவ்விடத்தில் தங்கியிருப்பவர்கள் அவர்களே.

நோயின் இயல்பு

பெரும் அதிர்ச்சி எவருக்கும் கலக்கத்தை உண்டாக்கும். தூக்கமின்மை, படபடப்பு, காரணமின்றி அழுகை, பசியின்மை ஆகியவை முதல் சில நாட்களில் இயல்பாகவே தோன்றுபவை. அவை நோயல்ல. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தணிந்துவிடும். உலக மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தகைய அதிர்ச்சியைச் சந்திக்கின்றனர் என்றும், அவ்வாறு சந்தித்தவர்களுள் சுமார் 5.6 சதவீதத்தினருக்கே நோய் உண்டாகிறது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது.

அறிகுறிகள் தணியாமல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் குலைக்குமாயின், அதனை 'அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய்' என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இது முதன் முதலாகத் தனி நோயாக இடம் பெற்றது. அதற்கு முன்னர் இது பல பெயர்களால் வழங்கப்பட்டது. முதல் உலக யுத்தத்தில் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் கண்டபோது, வெடிகுண்டின் அதிர்வால் விளைந்தது என்று கருதி அதற்கேற்பப் பெயரிட்டனர். ஆனால் குண்டு வெடிப்பின் அருகில் இராத சிப்பாய்களுக்கும் அது கண்டது.

இந்நோயின் அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நடந்த சம்பவம் நினைவில் தானே திரும்பத் திரும்ப எழுவது. இது சாதாரண ஞாபகம் போன்றதன்று. அச்சம்பவம் இப்பொழுதே மீண்டும் நடப்பது போன்ற உணர்ச்சி. தீக்கனவுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, அதனை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் பேச்சையும் தவிர்ப்பது. மூன்றாவது, எதிலும் நாட்டமின்மை, 'நான்தான் குற்றவாளி' என்ற எண்ணம், உற்றார் உறவினரிடம் ஒட்டாமை. நான்காவது, எப்பொழுதும் விழிப்பாகவே இருப்பது. சிறு ஓசைக்கும் துள்ளி எழுவது. எளிதில் சினங் கொள்வது. சிலருக்கு இந்நோய் ஆறு மாதங்கள் கழித்தே முழு உருவம் பெறுவதும் உண்டு.

லெனின்கிராட் வெள்ளமும் நாய்களும்

வெள்ளத்தின் அதிர்ச்சி மூளையில் நெடுநாள் தங்குமென்பதற்கு ஒரு பழைய சான்று உள்ளது. ருஷ்ய உடலியல் மேதை இவான் பாவ்லவ் தம் நாய்களைக் கொண்டு, மணியோசை போன்ற குறிகளுக்கு உமிழ்நீர் சுரக்கப் பழக்கும் பரிசோதனைகளை நடத்தி வந்தார். 1924ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் புகுந்தது. நாய்க் கொட்டடிகளில் நீர் ஏறிற்று. நாய்களை வெள்ளத்தில் நீந்தச் செய்தே ஆராய்ச்சிக் கட்டிடத்துக்குக் கொண்டு சேர்க்க நேர்ந்தது.

வெள்ளம் வடிந்த பின், உடலில் எக்காயமும் இராத ஒரு நாய் தான் நன்கு கற்றிருந்தவற்றை இழந்துவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். பழக்கமான குறிகளுக்கு அது உமிழ்நீர் சுரக்கவில்லை, உணவையும் ஏற்கவில்லை. இங்கே இரு செய்திகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. ஒன்று, வழக்கமாகத் தனி அறையில் வைத்துப் பரிசோதிக்கப்பட்ட அந்நாயுடன், அதற்குப் பழக்கமான ஆராய்ச்சியாளரும் அறையினுள் அமர்ந்திருந்தபோது, இழந்த பழக்கங்கள் அதற்குத் திரும்பின. மற்றொன்று, நாய் தேறிவிட்டதாகத் தோன்றிய பிறகு, அறையின் கதவுக்கு அடியில் சிறிதளவு தண்ணீர் ஓடி வரும்படி செய்தனர். அச்சிறு நீரோட்டத்தைக் கண்ட அளவிலேயே நாய் மீண்டும் கலக்கமுற்றுப் பழைய நிலையை அடைந்தது.

நினைவூட்டும் ஒரு சிறு குறி போதும், பெரும் அச்சம் முழு வேகத்துடன் திரும்பிவிடும் என்பதையும், பழக்கமான ஒருவரின் அருகாமை அதனைத் தணிக்க வல்லது என்பதையும் பாவ்லவின் கூடம் அன்றே காட்டிற்று. மூளையின் எப்பகுதியில் இது நிகழ்கிறது என்பதை மட்டும் அக்காலத்தில் அறியக் கூடவில்லை.

மூளையின் மூன்று பகுதிகள்

இன்று அப்பகுதிகளுள் மூன்றினைக் குறிப்பிட்டுக் கூறலாம். முதலாவது அமிக்டலா. காதுக்கு நேர் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்துள்ள நரம்பணுத் தொகுதி இது. ஆபத்தை உணர்ந்து எச்சரிப்பது இதன் பணி. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி முழுவதும் ஆராயப்படுவதற்கு முன்னரே, குறுக்கு வழியில் ஒரு பகுதி இதனை எட்டிவிடுகிறது. பாதையில் கிடப்பது கயிறா பாம்பா என்று அறியும் முன்னரே கால் பின்வாங்குவது இதனால்தான். இதன் கட்டளையால் இதயம் விரைந்து துடிக்கிறது. அட்ரினலினும் கார்டிசாலும் இரத்தத்தில் பெருகுகின்றன.

இரண்டாவது ஹிப்போகாம்பஸ். ஒரு நிகழ்ச்சி எங்கே, எப்பொழுது, எச்சூழ்நிலையில் நடந்தது என்பதைச் சேர்த்துப் பதிவு செய்ய இது உதவுகிறது. 'அது அன்று அங்கே நடந்தது. இது இன்று இங்கே நடப்பது' என்று வேறுபடுத்தி அறிவது பெரிதும் இதன் துணையால் ஆகும்.

மூன்றாவது, நெற்றிக்குப் பின்னே அமைந்த முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி. அமிக்டலா எழுப்பும் எச்சரிக்கை தேவையற்றதாயின், இப்பகுதி அதனை அடக்குகிறது.

உடல் நலத்துடன் இருப்பவரிடம் இம்மூன்றும் இசைந்து இயங்குகின்றன. வெள்ளத்தில் தப்பிய ஒருவர் ஓராண்டுக்குப் பின் ஓட்டுக் கூரையின்மேல் மழை விழும் ஓசையைக் கேட்டால், அமிக்டலா ஒரு கணம் எழும்பும். இது வேறு மழை என்று ஹிப்போகாம்பஸ் உணர்த்தும். முன்மூளை அமைதிப்படுத்தும். நோயுற்றவரிடமோ இவ்விசைவு குலைந்து காணப்படுகிறது. அச்சமூட்டும் படங்களைக் காணும்போது அவர்களின் அமிக்டலா மிகுதியாக இயங்குவதையும், முன்மூளையின் அப்பகுதி குறைவாக இயங்குவதையும், ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதையும், மூளையின் இயக்கத்தைப் படம் பிடிக்கும் கருவிகளின் துணையால் பல ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டியுள்ளன. இவை யாவும் பலரை ஒப்பிட்டுக் கண்ட சராசரி முடிவுகள் என்பதை மறத்தலாகாது. ஒருவரின் மூளைப் படத்தை மட்டும் பார்த்து அவருக்கு இந்நோய் உண்டு அல்லது இல்லை என்று இன்றும் கூற இயலாது.

பெங்களூரில் கண்ட பத்து நாள் இடைவெளி

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது. அங்கே டாக்டர் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் புரூஸ் மக்கியூவனுடன் இணைந்து, எலிகளைக் கொண்டு நெடுங்கால ஆராய்ச்சி நடத்தினர்.

முதலில் அவர்கள் ஆராய்ந்தது நீடித்த உளைச்சலைப் பற்றியது. எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அசைய இயலாதபடி கட்டுப்படுத்தி, பத்து நாட்கள் இவ்வாறு செய்தனர். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ அதற்கு நேர்மாறாகக் கிளைகள் வளர்ந்து பெருகின. இம்முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரே உளைச்சல், இடத்தை நினைவில் வைக்கும் பகுதியைத் தேய்த்து, அஞ்சும் பகுதியை வளர்த்தது. அதன் பிறகு எலிகளுக்கு 21 நாட்கள் ஓய்வு அளித்துப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸின் தேய்வு சரியாயிற்று. அமிக்டலாவின் வளர்ச்சியோ அப்படியே நின்றது.

அடுத்து, ஒரே ஒரு முறை நேரும் அதிர்ச்சி யாது செய்யும் என்ற கேள்வி எழுந்தது. வெள்ளம், விபத்து, நெரிசல் போன்றவை பெரும்பாலும் ஒரு முறை நேர்பவை அல்லவா? எலிகளை ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம் மட்டும் கட்டுப்படுத்தி விடுவித்தனர். மறுநாள் சிலவற்றின் அமிக்டலாவை ஆராய்ந்தனர். மாறுதல் ஏதும் இல்லை. ஏனையவற்றை அவற்றின் கூண்டில் அமைதியாக விட்டு வைத்துப் பத்தாம் நாள் ஆராய்ந்தனர். நரம்பணுக் கிளைகளின்மேல் புதிய முட்கள் பெருகியிருந்தன. இம்முட்கள் என்பவை கிளைகளில் மொட்டுப் போல் அரும்பும் மிகச் சிறிய புடைப்புகள். ஒரு நரம்பணு மற்றொன்றின் செய்தியைப் பெறும் இடங்கள் இவையே. முட்கள் பெருகுவது இணைப்புகள் பெருகுவதாகும். எலிகளின் நடத்தையும் மாறியிருந்தது. தரையிலிருந்து உயர்த்திக் கூட்டல் குறியின் வடிவில் அமைத்த மேடையில், சுவரில்லாத திறந்த பகுதிக்குச் செல்ல அவை தயங்கி, சுவருள்ள பகுதியிலேயே ஒதுங்கின. இது 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவு.

2016ஆம் ஆண்டில் இதே குழுவினர் அமிக்டலாவின் மின் இயக்கத்தை அளந்து, முட்கள் பெருகிய அப்பத்தாம் நாளில் நரம்பணுக்களிடையே மின் செய்திகளும் வலுப்பெற்றிருப்பதைக் கண்டனர். நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்னும் புரத அமைப்புக்கு இதில் பெரும் பங்கு உண்டென்றும் நிறுவினர். கற்றலிலும் ஞாபகத்திலும் பங்கு கொள்வதும் இதே ஏற்பிதான். அதிர்ச்சி நேரும் சமயத்தில் அமிக்டலாவில் இவ்வேற்பியின் செயலை மருந்தினால் தடுத்தபோது, பத்து நாட்களுக்குப் பின் வர வேண்டிய மாறுதல்கள் வரவில்லை. இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், விதை அதிர்ச்சியின்போதே ஊன்றப்படுகிறது. முளைப்பதற்கு மட்டும் நாட்கள் செல்கின்றன.

இவற்றினும் வியப்புக்குரிய ஒரு செய்தி உண்டு. உளைச்சலின்போது உடலில் பெருகும் ஹார்மோனே நோய்க்குக் காரணமென்று எவரும் எண்ணுவர். ஆனால் அதிர்ச்சிக்குப் பின் எலிகளுக்குக் கார்டிகோஸ்டீரோன் என்னும் அந்த ஹார்மோனையே அளித்தபோது, பத்தாம் நாள் மாறுதல்கள் தடைப்பட்டன என்று 2020ஆம் ஆண்டில் இக்குழுவினர் தெரிவித்தனர். கடும் நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோரிடம் ஜெர்மனியில் நடந்த ஆராய்ச்சிகளும், சிகிச்சையில் ஹைட்ரோகார்டிசோன் பெற்றவர்களிடம் பின்னர் இந்நோய் குறைவாகக் காணப்பட்டதை எடுத்துக் கூறின. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ள விஷயம். கிராமத்தில் கையாளத்தக்க மருத்துவம் அன்று. ஆயினும், அதிர்ச்சிக்கும் நோய்க்கும் இடையே உள்ள காலம் வெறுங்காலம் அன்று என்பதையும், அக்காலத்தில் குறுக்கிட்டுத் தடுக்க இயலும் என்பதையும் இது உணர்த்துகிறது.

எலியின் பத்து நாட்கள் மனிதனுக்கு எத்தனை நாட்கள் என்று கணக்கிட முடியாது. எலியின் ஒதுங்கலும் மனிதனின் துயரமும் ஒன்றல்ல. ஆனால் முதல் நாளில் அமைதியாக இருப்பவர் தப்பிவிட்டார் என்று முடிவு கட்டலாகாது என்ற பாடம் இருவருக்கும் பொருந்தும்.

சிலருக்கு மட்டும் ஏன்?

ஒரே வெள்ளத்தில் அகப்பட்ட இருவருள் ஒருவர் தேறிவிட, மற்றவர் நோயுறுவது ஏன்? இதற்கு விடை காண்பது கடினம். ஏனெனில் அதிர்ச்சிக்கு முன்னர் அவர்களின் மூளை எவ்வாறு இருந்தது என்பது எவருக்கும் தெரியாது. இத்தடையை இரு வழிகளில் விஞ்ஞானிகள் கடந்தனர். வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களையும், போருக்குச் செல்லாத அவர்களின் ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கடும் நோயுற்ற சிப்பாயின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. வீட்டிலேயே இருந்த இரட்டையரின் ஹிப்போகாம்பஸும் அவ்வாறே இருந்தது. ஆகவே, சிறுத்திருப்பது நோயின் விளைவாக மட்டுமன்றி, நோய்க்கு இடந்தரும் இயல்பாகவும் இருக்கலாம். 2013ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தபோது, அந்நகரின் இளைஞர் சிலரின் மூளை இயக்கம் முன்னரே வேறோர் ஆராய்ச்சிக்காகப் பதிவாகியிருந்தது. எவருடைய அமிக்டலா முன்னரே மிகுதியாகத் துலங்கியதோ, அவரிடமே பின்னர் அறிகுறிகள் அதிகமாகத் தோன்றின.

எனினும் பிறவி இயல்பே யாவும் என்று கொள்ளலாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தாக்கிய மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின், இலங்கையில் யாழ்ப்பாணப் பகுதியின் மணற்காடு உள்ளிட்ட மூன்று கடற்கரை இடங்களில் பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரையிலான பிள்ளைகளிடம் இந்நோயின் அறிகுறிகள் இருந்தன. சுனாமியை எவ்வளவு நெருங்கி அனுபவித்தனர், குடும்பத்தில் எவரை இழந்தனர், அதற்கு முன்னர் யுத்தம் முதலிய அதிர்ச்சிகளை எத்தனை முறை சந்தித்திருந்தனர் என்பவற்றைப் பொறுத்து இவ்விகிதம் வேறுபட்டது. துயரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. சென்ற ஆண்டு வறட்சியில் நொடித்து, இவ்வாண்டு வெள்ளத்தில் வீடிழந்த குடும்பத்தைக் கள ஊழியர் தனிக் கவனத்துடன் காண வேண்டியது இதனால்தான்.

ஆசிரியரும் ஊழியரும் செய்யத்தக்கவை

பெங்களூரின் தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையம், அதாவது நிம்ஹான்ஸ், 1999ஆம் ஆண்டின் ஒரிசாப் புயல், 2001ஆம் ஆண்டின் குஜராத் பூகம்பம், 2004ஆம் ஆண்டின் சுனாமி ஆகியவற்றுக்குப் பின் கிராம அளவிலான ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தும் கையேடுகள் வெளியிட்டும் உதவியது. மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே உள்ள நாட்டில், முதலில் துணை நிற்கக் கூடியவர் உள்ளூரில் இருப்பவரே என்பது அப்பணியின் அடிப்படை.

முதல் நாட்களில் வேண்டுவன எளியவை: பாதுகாப்பான இடம், உணவு, பிரிந்த குடும்பத்தினரைச் சேர்த்து வைத்தல், உண்மையான தகவல், அருகில் ஒருவர் இருத்தல். பாதிக்கப்பட்டவர் பேச விரும்பினால் பொறுமையுடன் கேட்க வேண்டும். ஆனால் 'என்ன நடந்தது, முழுவதும் சொல்' என்று வற்புறுத்துதல் கூடாது. எல்லாரையும் ஒரே கூட்டமாக அமர்த்தி நடந்ததை விவரிக்கச் செய்வதால் நோய் தடைப்படுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. தூக்கம் வரவில்லை என்பதற்காகத் தூக்க மாத்திரைகளை வழங்குவதும் முறையன்று. பென்சோடயசெபீன் வகையைச் சேர்ந்த மருந்துகளை அதிர்ச்சிக்குப் பின்னுள்ள முதல் மாதத்தில் இதற்காக அளிக்க வேண்டாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2013ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

அதன் பின்னர் வருவதே கரையைச் சுற்றி வரும் காலம். நிவாரணக் கணக்கை முடிப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. பதினைந்தாம் நாளும், ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும், அடுத்த மழைக்காலம் தொடங்கும்போதும், பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு மீண்டும் சென்று சில நிமிஷங்கள் அமர்ந்து பேசுதல் வேண்டும். தூக்கம் எப்படி, வேலைக்குச் செல்கிறாரா, மழை வந்தால் என்ன செய்கிறார், குடி அதிகமாயிற்றா என்று விசாரித்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும். ஆண்கள் பலர் அச்சத்தைச் சொல்ல வெட்கப்பட்டுச் சினமாகவும் குடியாகவும் வெளியிடுவர். பெண்கள் பலர் தலைவலி, உடல்வலி என்று மட்டும் கூறுவர்.

பிள்ளைகளிடம் இந்நோய் வேறு உருவத்தில் வெளிப்படும். சிறு பிள்ளைகள் வெள்ளத்தையே திரும்பத் திரும்ப விளையாட்டாக நடிப்பர். நின்றுவிட்ட படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தொடங்கும். தாயை விட்டு நகர மாட்டார்கள். சற்றுப் பெரிய பிள்ளைகள் பாடத்தில் மனம் ஊன்ற மாட்டார்கள். வானம் கறுத்தால் வகுப்பறையிலிருந்து வெளியே ஓட முனையும் சிறுவனை அடங்காதவன் என்று தண்டிப்பதற்கு முன், ஆசிரியர் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பாவ்லவின் நாய் கதவுக்கு அடியில் கண்ட நீரை, அச்சிறுவன் வானத்தில் காண்கிறான்.

பள்ளியை விரைவில் திறந்து வழக்கமான நேர அட்டவணையை நடத்துவதே பிள்ளைகளுக்குப் பெரும் மருந்தாகும். நாளை என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது அச்சத்தைத் தணிக்கிறது. படம் வரையவும் விளையாடவும் நேரம் ஒதுக்க வேண்டும். வெள்ளத்தைப் பற்றிய பாடத்தை நடத்துகையில், எச்சரிக்கை எவ்வாறு வரும், எங்கே செல்ல வேண்டும் என்பவற்றைக் கற்பித்தால், செயலற்று நின்ற நினைவுக்குப் பதிலாகச் செயல்பட வல்லவன் என்ற எண்ணம் ஊன்றும்.

நோயாளி எப்பொழுதும் பாதிப்பு நேர்ந்த ஊரிலேயே இருப்பார் என்று கருதுதலும் தவறு. 2025ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி திருப்பதியில் வைகுண்ட துவார தரிசனச் சீட்டு வழங்கும் இடத்தில் நேர்ந்த நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். அங்கே நின்று தப்பியவர்கள் சில நாட்களில் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். அவர்களின் தூக்கமின்மையைக் காணப் போகிறவர், வெகு தொலைவில் உள்ள ஒரு கிராமத்தின் சுகாதார ஊழியராகவோ அவர்களுடைய பிள்ளையின் ஆசிரியராகவோ இருக்கக்கூடும்.

சிகிச்சை உண்டு

ஒரு மாதத்துக்குப் பின்னும் அறிகுறிகள் நீடிப்பவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். தற்கொலையைப் பற்றிப் பேசுபவரைக் காலந் தாழ்த்தாமல் அன்றே அனுப்ப வேண்டும். திருப்பதியில் ரூயா அரசினர் பொது மருத்துவமனை உள்ளது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ஆம் ஆண்டு முதல் நாட்டில் நடைபெற்று வருகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் அங்கே பேசலாம். நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரும் வசதியாகும். ஏனெனில் அச்சத்தைத் தாய்மொழியில் சொல்வதே எளிது.

மருத்துவர் அளிக்கும் சிகிச்சையில் முதன்மையானது பேச்சு வழிச் சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடன், நோயாளி தாம் தவிர்த்து வந்த நினைவையும் இடத்தையும் சிறிது சிறிதாக எதிர்கொள்கிறார். இதனால் பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை. 'இப்பொழுது ஆபத்து இல்லை' என்ற புதிய பாடத்தை மூளை அதன்மேல் கற்றுக்கொள்கிறது. முன்மூளை மீண்டும் அமிக்டலாவை அடக்கப் பழகுகிறது. தேவையானவர்களுக்கு செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் அளிக்கப்படுகின்றன. ஆண்டுகள் பல கடந்த நோயும் சிகிச்சையால் தணிவதுண்டு.

அஞ்சுபவன் கோழை என்றும், மறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் கூறுவோர் எங்கும் உண்டு. நரம்பணுக்களில் புதிதாய் அரும்பிய இணைப்புகளைக் கட்டளையிட்டு அகற்ற எவராலும் இயலாது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகும். ராயல செருவின் கரை அந்த நவம்பரில் நின்றதற்குக் காரணம், கசிவைக் கண்டவர்கள் உடனே செயற்பட்டதே. மழை நின்ற பின்னும் கரையைப் பார்வையிடும் அவ்வழக்கம், வெள்ளத்தில் மீண்ட மனிதரிடத்திலும் கைக்கொள்ளப்படல் வேண்டும்.